வீடு விற்கும்போது நம் விவரங்களை எவ்வளவு வெளியே விடுவது? (சென்னை, மறுவிற்பனை ஃப்ளாட்)

#1 ஊஞ்சல்மரம்

இரண்டு படுக்கையறை ஃப்ளாட், 1,050 சதுர அடி, மூன்றாவது மாடி, 2011 கட்டடம். அதில் இப்போது இருப்பது அறுபதைத் தாண்டிய கணவன் மனைவி இருவர் மட்டும். விளம்பரம் போடுவதற்கு முன்பு கேட்கிறேன்: போன் நம்பர், போட்டோ, பத்திர நகல், ஆதார், இதில் எதை யாரிடம் எப்போது கொடுப்பது? "எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பார்ட்டி ரெடியா இருக்கு" என்று ஒரு நாளைக்கு நான்கு பேர் கேட்பார்கள் என்று தெரியும். மறுத்தால் விற்பனை கெட்டுவிடுமா?

#2 மூலப்பத்திரம்

கெடாது. ஆனால் முழுசாக மறைத்துவிட முடியும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பிரிவு 57 என்ன சொல்கிறதென்றால், அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், சான்றிட்ட நகல் வாங்கலாம். வில்லங்கச் சான்றைப் (ஈ.சி., அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றின் பட்டியல்) பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். அதனால் இங்கே உங்கள் கையில் இருப்பது எதை எந்த வரிசையில் விடுவது என்பது மட்டும்தான்.

பலர் கவனிக்காத ஒன்று. முதல் போன் காலிலேயே "சர்வே நம்பர் சொல்லுங்க, ஈ.சி. போட்டுப் பார்த்துக்கிறேன்" என்பார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் தமிழ்நாட்டு ஈ.சி.யில் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயரோடு கைமாற்றுத் தொகையும் (பத்திரத்தில் காட்டிய விலை) சந்தை மதிப்பும் வரும். நீங்கள் எத்தனைக்கு வாங்கினீர்கள் என்பது எதிராளிக்குத் தெரிந்துவிடும். வங்கியில் அசல் பத்திரம் ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்து அது பதிவாகியிருந்தால் அந்தத் தொகையும் வரும். விலை பேசி முடிக்கும் முன்பே உங்கள் சீட்டு அவர் கையில்.

நான் சொல்லும் வரிசை:

போனில் கேட்பவருக்கு: பரப்பு, யூ.டி.எஸ். (நிலத்தில் உங்கள் பிரிபடாத பங்கு), திசை, மாடி, வயது, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி உண்டா, கடன் உண்டா இல்லையா (தொகை வேண்டாம்), பராமரிப்புக் கட்டணம், கார் நிறுத்துமிடம் பத்திரத்தில் ஏறியிருக்கிறதா. இதில் ஆளைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை, கவனியுங்கள்.

நேரில் பார்த்து விலையும் பேசத் தொடங்கியவருக்கு: நகல்களை வீட்டிலேயே, மேசை மேல் வைத்துக் காட்டுங்கள். படம் எடுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிஜமாக வாங்குபவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விலை முடிந்து, வாங்குபவர் தன் வழக்கறிஞரின் பெயரைச் சொன்ன பிறகு: விற்பனைப் பத்திரம், மூலப்பத்திரம் (உங்களுக்கு முந்தைய உரிமையாளர்களின் பத்திரம்), ஈ.சி., சொத்துவரி ரசீது, அனுமதி வரைபடம் ஆகியவற்றின் நகல். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று இருந்தால் அவை வழக்கறிஞர் கைக்கு நேரடியாக. குடும்பத்தில் எல்லோர் பெயரும் வயதும் அதில் இருக்கும், தரகர் குழுவில் சுற்ற வேண்டிய காகிதம் இல்லை அது.

அசல்? வழக்கறிஞர் அலுவலகத்திலோ வங்கியிலோ நீங்கள் உடன் உட்கார்ந்து காட்டி, அன்றே திரும்ப எடுத்து வருவது. "ஒரு நாள் வெச்சிட்டுத் தர்றேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

#3 தரகர்அல்ல

போன் நம்பர் மேட்டர் நான் சொல்றேன். தனி சிம் ஒண்ணு வாங்கிடுங்க. ஆதாரோட, பேங்கோட, ஜிபேயோட இணைஞ்ச நம்பரை விளம்பரத்துல போட்டா, வீடு வித்து மூணு வருஷம் கழிச்சும் "சார் ப்ராப்பர்ட்டி இருக்கா"ன்னு கூப்பிடுவாங்க. ரெண்டு சிம் போன் இருந்தா அதிலேயே போட்டுக்கலாம். அந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பிசினஸ் தனியா வெச்சுக்கங்க. டிஸ்ப்ளே படம் வீட்டுப் படமா இருக்கட்டும், பேரப் பிள்ளை படம் வேணாம். அமைப்புல போய் "குழுவில் யார் சேர்க்கலாம்" என்பதை "என் தொடர்புகள்"னு மாத்துங்க. இல்லாட்டி ஒரே வாரத்துல பத்து ரியல் எஸ்டேட் குரூப்ல உங்களை இழுத்துப் போட்டுருவாங்க.

அந்த நம்பர்ல யூபிஐ ஆரம்பிக்காதீங்க. ஒரு நம்பருக்கு ஒரு ரூபா அனுப்பப் போனாலே பேங்க்ல இருக்கிற முழுப் பேரு திரையில வந்துடும். பேரு தெரிஞ்சா ஃபேஸ்புக், ஃபேஸ்புக் தெரிஞ்சா குடும்பம்.

99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், ஓ.எல்.எக்ஸ்., எதுல போட்டாலும் முகவரிக் கட்டத்துல கதவு எண்ணும் மாடியும் போடாதீங்க. மேப் முள்ளை உங்க கட்டடத்து மேல குத்தாம, ரெண்டு தெரு தள்ளி பஸ் ஸ்டாப் மேல குத்துங்க. விளம்பரத் தலைப்புல "அவசர விற்பனை, வெளிநாடு செல்வதால்"னு எழுதறது ரெண்டு வேலை பண்ணும்: விலையைக் குறைக்கும், வீடு சீக்கிரம் பூட்டிக் கிடக்கப் போகுதுன்னு ஊருக்கே சொல்லும்.

வாசல்ல போர்டு மாட்டுறதுன்னா நம்பர் மட்டும் போதும், பேரு வேணாம். "புரோக்கர் வேண்டாம்"னு எழுதினா அதைப் படிச்சிட்டு முதல்ல கூப்பிடறது புரோக்கர்தான், அது வேற கதை.

#4 சதுரஅடி

கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். இத்தனை மறைத்தால் வாங்குபவர் ஓடிவிடுவார். அவரும் சேமிப்பை எல்லாம் போட்டு வாங்குகிறார். போலிப் பத்திரம், இரட்டை விற்பனை எல்லாம் பார்த்து பயந்துபோனவர். சர்வே நம்பரைக்கூடச் சொல்ல மாட்டேன் என்றால் "ஏதோ வில்லங்கம்" என்றுதான் தோன்றும். வாங்குபவர் இடத்தில் நான் இருந்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன்.

#5 மூலப்பத்திரம்

சதுரஅடி சொல்வது நியாயம். அதனால்தான் சர்வே எண்ணை "தர மாட்டேன்" என்று சொல்லச் சொல்லவில்லை. "வந்து வீட்டைப் பாருங்கள், பிடித்திருந்தால் அன்றே தருகிறேன்" என்று சொல்லச் சொல்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒரு முறையாவது வாசல்படி ஏறியவருக்குத் தருவதில் ஆபத்து குறைவு. அதோடு, அதுவரை கேட்காமலே நிறையச் சொல்லிவிடுங்கள்: எத்தனை ஆண்டுக்கு ஈ.சி. கையில் இருக்கிறது, வங்கி இந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே யாருக்காவது கடன் கொடுத்திருக்கிறதா, கட்டட நிறைவுச் சான்று உண்டா. வீட்டைப் பற்றித் தாராளமாகப் பேசும் ஆள் தன்னைப் பற்றிப் பேசவில்லை என்பதை யாரும் கவனிப்பதே இல்லை.

#6 படப்பெட்டி

புகைப்படம் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால்.

போன் கேமராவில் "இருப்பிடக் குறி" இயக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்துவிடும். எடுக்கும் முன்பே கேமரா அமைப்பில் அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் கழன்றுவிடும். ஆனால் "தரம் குறையாமல் அனுப்புங்க" என்று தரகர் கேட்டு நீங்கள் "ஆவணம்" என்று அனுப்பினால் அப்படியே போகும். மின்னஞ்சலிலும் அப்படியே போகும். ஐபோனில் பகிரும்போது மேலே "விருப்பங்கள்" என்பதைத் தொட்டு இருப்பிடத்தை அணைக்கலாம்.

அதைவிட முக்கியம், படத்துக்குள் என்ன இருக்கிறது. போடும் முன் ஒவ்வொரு படத்தையும் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்கள்:

சாவி மாட்டும் பலகை. பற்கள் தெளிவாகத் தெரியும் படத்திலிருந்து சாவி வெட்ட முடியும்.
ரௌட்டர் அடியில் உள்ள ஒட்டுத்தாள்: வைஃபை பெயர், கடவுச்சொல் இரண்டும் அதில்தான்.
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய மின் ரசீது, காஸ் புத்தகம், மருந்துச் சீட்டு.
பள்ளிப் பெயரோடு பிள்ளைகள் நிற்கும் குழுப்படம், பட்டச் சான்றிதழ்.
நாட்காட்டியில் வட்டமிட்டு எழுதிய "ஊருக்கு".
பூஜை அறையில் வெள்ளிக் குத்துவிளக்கு. அந்த அறையை எடுக்கத்தான் வேண்டும், வாங்குபவர் கேட்பார். பொருட்களை எடுத்துவிட்டு, மாடத்தை மட்டும் எடுங்கள்.
பீரோ கண்ணாடியிலும் டிவி திரையிலும் தெரியும் உங்கள் முகம்.
ஜன்னல் வழியே எதிர்க் கடைப் பலகை. இதை வைத்தே தெருவைக் கண்டுபிடித்துவிடலாம். திரையை இழுத்துவிடுங்கள், அல்லது வெளிச்சத்தை உள்பக்கம் அளந்து எடுத்தால் ஜன்னல் வெள்ளையாகிவிடும்.
கார் நிறுத்துமிடத்தில் வண்டி எண்.

வாசல் பூட்டு, கேமரா இருக்கும் மூலை, பால்கனி கிரில்லின் தாழ்ப்பாள் ஆகியவற்றின் நெருக்கப் படங்களை விளம்பரத்தில் போட அவசியமே இல்லை.

படத்தின் நடுவில் மெல்லிய நீர்க்குறி போடுங்கள். மூலையில் போட்டால் வெட்டிவிடுவார்கள். நீங்கள் விற்க வைத்த வீட்டை வேறொருவன் அதே படங்களோடு "மாத வாடகை 9,000" என்று போட்டு முன்பணம் கறப்பது வழக்கமான மோசடி. வாரம் ஒருமுறை உங்கள் வரவேற்பறைப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடிப் பாருங்கள்.

#7 வெண்ணிலா

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு என்றாரே, வீடு பார்க்க வருபவர்களுக்கு நேரம் ஒதுக்குவதில்தான் விஷயமே இருக்கிறது. சனி, ஞாயிறு காலை 10 முதல் 1 வரை என்று வைத்துவிடுங்கள். அந்த நேரத்தில் வெளியூர்ப் பிள்ளையோ பக்கத்து வீட்டு அண்ணாவோ கூட இருக்கட்டும். "எப்ப வேணா வாங்க, நாங்க வீட்டுலதான் இருப்போம்" என்பதும் ஆபத்து, "வியாழக்கிழமை கோயிலுக்குப் போயிடுவோம்" என்பது அதைவிட ஆபத்து.

வருபவர் பெயர், போன், யாருடன் வருகிறார் என்று முந்தின நாளே கேட்டு வாங்கி, காவலாளியின் பதிவேட்டில் எழுதவைத்த பிறகே மேலே விடுங்கள். இரண்டு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உள்ளே வேண்டாம். ஒருவர் சமையலறையில் குழாயைத் திறந்து பேச்சுக் கொடுப்பார், இன்னொருவர் படுக்கையறையில் தனியாக நிற்பார். நீங்கள் பின்னால் நடந்து வாருங்கள், அவர்களை முன்னால் விட்டு. அலமாரிகளைத் திறந்து காட்டலாம், கட்டில் பக்கத்து இழுப்பறையும் லாக்கர் உள்ள பீரோவும் பூட்டி இருக்கட்டும். மருந்துப் பெட்டியை எடுத்து வைத்துவிடுங்கள். என்ன வியாதி என்று வந்தவருக்கு எதற்கு?

அப்புறம் பேச்சு. "ஏன் விக்கிறீங்க?" என்ற கேள்வி கட்டாயம் வரும். "வேற இடம் பார்க்கிறோம்", அவ்வளவுதான் பதில். பையன் எந்த நாட்டில், மாப்பிள்ளைக்கு எந்த கம்பெனி என்று நம் அம்மாக்கள் காபி கொடுத்துக்கொண்டே எல்லாம் சொல்லிவிடுவார்கள். முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

வீட்டுக்குள் கேமரா இருந்தால் வருபவரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் தனியாக விலை பேசுவதை ஒலியோடு பதிவு செய்து கேட்பது சரியான வேலை இல்லை.

#8 கருப்புமை

நகல்களை மறைக்கும் முறை. இதில் பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள்.

போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் கறுப்பு அடித்தால் அது ஒளிபுகும் மை. வெளிச்சத்தை ஏற்றினால் எண் தெரிந்துவிடும். பிடிஎஃப் செயலியில் கறுப்புப் பெட்டி வரைந்தால் அது தனி அடுக்கு. வேறு செயலியில் திறந்து பெட்டியை நகர்த்திவிடலாம், கீழே உள்ள எழுத்தை நகலெடுக்கவும் முடியும். நம்பகமான வழி பழைய வழிதான்: ஜெராக்ஸ் எடுத்து, எண் மேல் வெள்ளைத்தாள் துண்டு ஒட்டி, மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அதை ஸ்கேன் செய்யுங்கள். கணினியில்தான் என்றால் முழுக் கறுப்பு வைத்து, பக்கத்தைப் படமாக மாற்றி, அந்தப் படத்திலிருந்து புதிய பிடிஎஃப் உருவாக்குங்கள்.

மறைக்க வேண்டியவை: ஆதார் எண், பான், கைபேசி, கைரேகை, கையொப்பம், கடன் கணக்கு எண். மறைக்கக் கூடாதவை: பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண், நான்கெல்லை, பரப்பு, பெயர்கள், தந்தை பெயர். இவை இல்லாமல் எந்த வழக்கறிஞரும் சட்டக் கருத்து எழுத மாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் நகலில் குறுக்காக, எழுத்துகள் மேலேயே ஓடும்படி "வீடு வாங்கும் பரிசீலனைக்கு மட்டும்", வாங்குபவரின் பெயர், தேதி என்று எழுதுங்கள். மூன்று பேருக்குக் கொடுத்தால் மூன்று விதம். எங்காவது வெளியே தலைகாட்டினால் யார் வழியாகப் போனது என்று தெரியும். நகல்கள் வெளியே இருக்கும் காலம் முழுக்க, பதினைந்து நாளுக்கு ஒருமுறை உங்கள் சொத்துக்கே ஈ.சி. போட்டுப் பாருங்கள், நீங்கள் எழுதாத பதிவு ஏதும் ஏறியிருக்கிறதா என்று.

#9 ஊஞ்சல்மரம்

ரொம்ப நன்றி எல்லோருக்கும். ஆதார் பற்றி இன்னும் ஒரு தெளிவு வேண்டும். பதிவு அன்று ஆதார் கேட்பார்களே, அப்போது மறைத்த ஆதார் செல்லுமா? பத்திரத்திலேயே முழு எண்ணையும் தட்டச்சு செய்கிறார்களே?

#10 பதிவுமேசை

மறைத்த ஆதார் என்பது நாம் மை பூசுவது இல்லை. ஆதார் ஆணையத் தளத்தில் பதிவிறக்கும்போதே "மறைத்த ஆதார் வேண்டுமா" என்ற கட்டம் இருக்கிறது, டிக் செய்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் அட்டை வரும். 2022 மே மாதம் பெங்களூரு மண்டல அலுவலகம் ஆதார் நகல் கண்டபடி கொடுக்காதீர்கள் என்று அறிக்கை விட்டு, இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கலாம். அறிக்கை போனாலும் வசதி போகவில்லை. வாங்குபவர், தரகர், சங்கச் செயலாளர் எல்லோருக்கும் இதையே கொடுங்கள்.

பத்திர வரைவு வேறு. பத்திர எழுத்தர்கள் பழக்கத்தில் கட்சிக்காரர் விவரத்தில் ஆதார், பான், போன் மூன்றையும் முழுசாக அடித்துவிடுவார்கள். பதிவான பிறகு அது 1ஆம் புத்தகத்தில் நிரந்தரம். முதல் வரைவு வரும் முன்பே "ஆதாருக்கு நட்சத்திரக் குறியும் கடைசி நான்கு எண்ணும்" என்று எழுத்தரிடம் சொல்லி, அந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். போன் எண் பத்திர வாசகத்தில் வேண்டாம். பான் எண்ணைத் தவிர்க்க முடியாது: விலை 50 லட்சமோ மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். எண் தப்பாகவோ செயலிழந்தோ இருந்தால் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும். ஆக பான் எண்ணை விலை முடிந்த பிறகு வாங்குபவருக்கு மட்டும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை உடன்படிக்கைக்கும் பதிவு கட்டாயம். பதிந்தால் அதுவும் ஈ.சி.யில் ஏறும். உடன்படிக்கை வரைவிலும் இதே கவனம் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது கைரேகை. பத்திரத்தில் படமும் விரல்ரேகையும் ஒட்டுவது சட்டப்படி, விலக்கு கிடையாது. 2018இல் தெலங்கானாவில் பதிவுத்துறை இணையதளத்திலிருந்த பத்திரங்களின் ரேகையை எடுத்து ரப்பரில் வார்த்து, அதைக் கொண்டு ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை இயக்கிய வழக்கு வந்தது. கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் ஆதார் வங்கிச் சேவையிலும் இதே தந்திரம் நடந்திருக்கிறது. தடுப்பு ஒன்றுதான்: ஆதார் செயலியில் உயிரியளவைப் பூட்டு (பயோமெட்ரிக் லாக்). பூட்டினாலும் ஓடிபி வழிச் சரிபார்ப்பு வேலை செய்யும், அதனால் அன்றாடத் தொல்லை இல்லை.

ஆனால் பூட்டியபடியே பதிவு அலுவலகம் போனால் அங்கே ரேகைச் சரிபார்ப்பு தோற்கும், 330 என்ற பிழை எண் வரும். எத்தனை முறை விரலைத் துடைத்து வைத்தாலும் வராது. கருவிமேல் பழி போட்டு டோக்கன் போய்விடும். தற்காலிகத் திறப்பு பத்து நிமிடம்தான், வரிசை அதற்குள் நகராது. அன்று காலை முழுமையாகத் திறந்துவிட்டு, பதிவு முடிந்து வீடு திரும்பியதும் மறுபடி பூட்டுங்கள்.  பூட்டு உங்களுக்கு மட்டுமல்ல, இருவர் பெயரில் வீடு இருந்தால் இருவருக்கும்.

#11 தரகர்அல்ல

பணம் பக்கம் ஒரு வார்த்தை. "நான் ராணுவத்துல இருக்கேன், வீடு பார்க்க வர முடியல, படம் பிடிச்சிருக்கு, அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க"ன்னு வந்தா வெட்டிடுங்க. பணம் வாங்க ஸ்கேனும் வேணாம், பின்னும் வேணாம்.

கேன்சல் செக் கேட்பாங்க, குடுக்கலாம். குறுக்கே கோடு போட்டு "கேன்சல்டு"ன்னு எழுதி, கையெழுத்து இல்லாம. கையெழுத்து போட்டுக் குடுத்தா மாதிரிக் கையெழுத்தை நாமே தானம் பண்ணின மாதிரி.

கடன் பாக்கி இருந்தா பேங்க் ஸ்டேட்மெண்ட்டை முழுசா கொடுக்க வேணாம். முடிக்க வேண்டிய தொகை இவ்வளவுன்னு பேங்க் தர்ற கடிதமும், பேங்க்ல இருக்கிற பத்திரப் பட்டியலும் போதும். மாசத் தவணை எவ்வளவு, எந்த மாசம் தவறிச்சுங்கறது அவங்களுக்குத் தேவையில்லை.

#12 கேமராகண்

சாவி கொடுக்கும் நாள் வேலைகள். இதில்தான் எல்லோரும் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

சிசிடிவி: பதிவுப் பெட்டியை விட்டுச் செல்வதாகப் பேசியிருந்தாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு திருகுதான். செயலியிலிருந்து கேமராவை உங்கள் கணக்கைவிட்டு நீக்குங்கள். வெறும் மீட்டமைப்பு பொத்தானை அழுத்திவிட்டு வந்தால் பல நிறுவனக் கேமராக்கள் கிளவுடில் (நிறுவனத்தின் இணையக் கணக்கில்) இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கும். புதியவரால் சேர்க்கவும் முடியாது, அவர் வீடு உங்கள் போனில் தெரிந்தாலும் தெரியும். இரண்டு பக்கமும் சங்கடம்.

மின்னணுப் பூட்டு: எல்லா விரல்ரேகைகளையும் அட்டைகளையும் அழித்து, நிர்வாக எண்ணை மாற்றிக் கொடுங்கள். ரௌட்டர் ஊசித்துளைப் பொத்தானைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்துங்கள். டிவியில் கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். குடியிருப்புச் செயலியில் உங்கள் வண்டி, வேலைக்கார அம்மா, தினசரி வருபவர் பட்டியலை நீக்கச் சொல்லுங்கள்.

மின் இணைப்பு: 2022 இறுதியில் தொடங்கி இணைப்பு எண்ணோடு ஆதாரை இணைத்தார்களே, அது உங்கள் ஆதாராகவே நிற்கும். பெயர் மாற்ற விண்ணப்பத்தைப் பதிவு முடிந்த வாரமே போடவைத்துவிடுங்கள். சொத்துவரியும் அப்படியே. காஸ் இணைப்பை மாற்றுங்கள் அல்லது ஒப்படையுங்கள். அஞ்சலகத்தில் புது முகவரிக்குத் திருப்பிவிட எழுதிக் கொடுங்கள். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. வருமான வரித் தளத்தில் முகவரியை மாற்றாவிட்டால் நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய் அடுத்தவர் பிரித்துப் படிப்பார்.

விளம்பரத்தை "விற்றுவிட்டது" என்று குறிப்பது வேறு, நீக்குவது வேறு. குறித்தால் படங்கள் அப்படியே கிடக்கும். நீக்குங்கள். கூகுள் தேடலில் இன்னும் வந்தால் காலாவதியான பக்கத்தை நீக்கக் கேட்கும் வசதி இருக்கிறது.

#13 சதுரஅடி

கேமராகண், கூகுள் தெருக்காட்சியில் (ஸ்ட்ரீட் வியூ) நம் கட்டடத்தை மங்கலாக்கச் சொல்லலாம் என்கிறார்களே, விற்பதற்கு முன் அதையும் செய்துவிடலாமா?

#14 கேமராகண்

சென்னைக்குத் தெருக்காட்சி 2022இல் வந்தது, மங்கலாக்கச் சொல்லி விண்ணப்பிக்க முடியும். ஆனால் ஒருமுறை மங்கலாக்கினால் திரும்பத் தெளிவாக்க முடியாது. ஃப்ளாட் என்றால் கட்டடத்தில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து மறையும், நாளை வாங்குபவருக்கும் சேர்த்து. சங்கத்தைக் கேட்காமல் செய்யாதீர்கள். தனி வீடு என்றாலும், விற்கும் மாதத்தில் வாசல் மங்கலாக இருந்தால் தேடிப் பார்ப்பவருக்கு சந்தேகம்தான் வரும். பால்கனியில் ஆள் முகம் தெரிகிறது என்றால் அந்த முகத்தை மட்டும் மங்கலாக்கக் கேளுங்கள்.

#15 ஊஞ்சல்மரம்

தனி சிம் இன்று வாங்கியாகிவிட்டது. விற்று முடிந்ததும் அந்த எண்ணை உடனே நிறுத்திவிடலாமா?

#16 பதிவுமேசை

உடனே வேண்டாம். மின் பெயர் மாற்றம், சொத்துவரி மாற்றம், வாங்குபவர் வங்கியின் விசாரணை எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். வாங்குபவருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்துவிட்டு, வரிப் பிடித்தச் சான்று உங்கள் கைக்கு வந்து, மின் ரசீதில் அவர் பெயர் வந்த பிறகு நிறுத்துங்கள். அதற்கு முன் அந்த எண்ணிலுள்ள வாட்ஸ்அப் கணக்கை அழித்துவிடுங்கள். நிறுத்திய எண் சில மாதத்தில் வேறொருவருக்குப் போகும், உங்கள் வீட்டு வாங்குபவர் பத்திரத்தில் சந்தேகம் கேட்டு அவருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார்.